ரயில் ஏறாத மலை, ரயில் நிற்காத நிலையம்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் ரயிலில் வந்தால் அடிவாரத்தில், அதுவும் பக்கத்து மாநிலமான பேராக்கில் இருக்கும் தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கியாக வேண்டும். அங்கிருந்து தாப்பா ஊருக்குச் சில மைல். அதற்குப் பிறகு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால்தான் தானா ராத்தா. தாப்பா ரோட்டையும் யாரும் தேயிலைக்காகக் கட்டவில்லை. தெலுக் ஆன்சன், அதாவது இன்றைய தெலுக் இந்தான், துறைமுகத்தையும் உள்நாட்டு ஈய வயல்களையும் இணைக்க 1893இல் போட்ட பாதையில் முளைத்த நிலையம் அது. அப்போது கேமரன் மலையில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை.

மலை செங்குத்தாக இருந்ததால்தான் ரயில் வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொருந்தாது. நீலகிரி இதைவிடச் செங்குத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் 12 அடி போனால் 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும்படி செய்தார்கள். 1899 ஜூனில் குன்னூர் வரையும் 1908 அக்டோபரில் உதகமண்டலம் வரையும் வண்டி போய்விட்டது. நடுவில் ஒரு கம்பெனி திவாலானது. இன்னொரு கம்பெனி எடுத்து நடத்தியது. கடைசியில் அரசாங்கமே விலைக்கு வாங்கியது. பணமும் பிடிவாதமும் இருந்தால் மலை ஒரு பொருட்டே இல்லை என்பதை அந்தப் பாதை காட்டியது.

கேமரன் மலைக்கு வாய்க்காமல் போனது காலம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்தப் பீடபூமியைப் பற்றிக் குறிப்பு எழுதியது 1885இல். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியதும் அதே 1885இல்தான். இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் குறிப்பு நாற்பது ஆண்டுகள் கோப்பில் தூங்கியது. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறிப் பார்த்த பிறகுதான் மேலே ஒரு ஊர் அமைக்கலாம் என்ற பேச்சே சூடுபிடித்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் ‘போ’ (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. அதற்குள் உலகம் லாரிக்கு மாறிவிட்டிருந்தது.

இந்த மாற்றத்தை மற்ற தேயிலை மலைகளிலும் பார்க்கலாம். இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு குறும்பாதை 1904இல் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவே போட்ட பாதை. லாரியோடு போட்டி போட முடியாமல் 1940களில் மூடிவிட்டார்கள். மூணாறில் 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியில் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையில் இன்ஜினே ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து இழுவைக் கம்பியில் கீழே கொட்டக்குடிக்கு, பிறகு போடிநாயக்கனூர். 1924 ஜூலை வெள்ளம் பாதையை வாரிக்கொண்டு போனது. திரும்பப் போட யாரும் முன்வரவில்லை, தேவையும் இல்லை, சாலை வந்துகொண்டிருந்தது. மூணாறு நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. ஆக, 1920களின் பிற்பாதியில் ஒரு மலையைத் திறக்க நினைத்த எந்த அதிகாரியும் தண்டவாளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் அதே ஆண்டுகளில் மலாயா ரயில்வே என்ன கட்டிக்கொண்டிருந்தது? இந்தக் கேள்விதான் என்னைப் புக்கிட் தீமாவுக்குக் கொண்டுபோனது. கேமரன் மலைச் சாலை திறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1932இல், இதே ரயில்வே தன் தென்கோடியில், சிங்கப்பூர்த் தீவுக்குள், ஒரு சின்னஞ்சிறு நாட்டுப்புற நிலையத்தைக் கட்டியது. செங்கல் சுவர், ஓரடுக்கு, சாய்கூரை, பக்கத்தில் ஊழியர் வீடு. எண்பது ஆண்டு நெருங்கும்வரை வேலை செய்து, 2011இல் மூடப்பட்டு, 2022 ஜூலை 1ஆம் தேதி புதுப்பித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மலாயாத் தீபகற்பப் பாதையில் மீட்டெடுத்த நாட்டுப்புற நிலையம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் முதலில் இதைத்தான் காட்டத் தோன்றும். இது ஏன் தப்பியது, தப்பியதில் எது எது அடக்கம் என்பதைப் பார்க்கலாம்.

சிங்கப்பூருக்குள் ரயில் வந்தது 1903இல். டேங்க் ரோட்டில் தொடங்கி வடக்கே உட்லண்ட்ஸ் வரை ஓடியது. அங்கிருந்து ஜொகூருக்குப் படகு. அந்தக் கரையில் தண்டவாளம் 1909இல்தான் ஜொகூர் பாரு வரை முழுமையானது. 1923இல் ஜலசந்தியின் குறுக்கே கட்டிய தாம்போதியில் ரயில் ஓடத் தொடங்கியபோது சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு எதிர்க்கரை வரை ஒரே தண்டவாளம் என்றாகிவிட்டது. ஆனால் பழைய பாதை நகரத் தெருக்களை ஊடறுத்துப் போனது; துறைமுகத்தையும் சரியாகத் தொடவில்லை. அதனால் தீவின் மேற்குப் பக்கமாக விலகிப் போகும் புதுப் பாதை ஒன்றைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டித் தஞ்சோங் பகாரில் பெரிய முனையம் கட்டினார்கள். 1932 மே மாதம் ஆளுநர் சர் செசில் கிளெமென்டி அதைத் திறந்து வைத்தார். முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு பளிங்கு உருவங்கள். இத்தாலியச் சிற்பி ஆஞ்செலோ வன்னெட்டியின் கைவேலை.

அந்தத் திறப்பு விழாவை இன்று நினைத்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். ரப்பர் விலை அதலபாதாளத்தில். தோட்டங்களில் வேலையில்லை என்று தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது அரசாங்கம். வேளாண்மைக்கும் தொழிலுக்கும் பளிங்கில் சிலை. ரப்பர் மரத்தைச் சீவியவருக்கு நாகப்பட்டினத்துக்கு டிக்கெட்.

புதுப் பாதையின் நடுவில் இருந்தது புக்கிட் தீமா. பெரிய முனையத்துக்கு வாய்த்த பளிங்கும் பகட்டும் இதற்கு இல்லை. குதிரைப் பந்தயத் திடல் பக்கத்திலேயே வந்ததால் மலாயாவிலிருந்து பந்தயக் குதிரைகள் இங்கே இறங்கின. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு ஒரு சரக்குக் கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்து போனது, முப்பது ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதெல்லாம் உபரி வேலை. இந்த நிலையத்தின் உண்மையான வேலை ‘கிராசிங்’. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க ஓர் இடம் வேண்டும். ஒரு வண்டி பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். கடைசிக் காலத்தில் பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாமல் ஒரு வண்டியும் நகர முடியாது.

காரணம், டோக்கன். சாவி போன்ற ஓர் உலோகத் துண்டு அது. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒரு பிரிவு என்பார்கள். அந்தப் பிரிவுக்குள் வண்டியை ஓட்ட வேண்டுமானால் அதற்குரிய டோக்கன் டிரைவரின் கையில் இருக்க வேண்டும். இருபுறத்து நிலையங்களிலும் டோக்கன்களை அடுக்கிவைத்த பெட்டி ஒன்று. இரண்டு பெட்டிகளையும் மின்கம்பி இணைத்திருக்கும். இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் மணி அடித்துக் கேட்பார். அந்தப் பக்கத்தவர் பாதை காலி என்று தெரிந்தால் தன் பெட்டியில் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அப்போதுதான் இங்கே ஒரு டோக்கன் விடுபடும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த டோக்கன் ஏதாவது ஒரு முனையில் திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை, தலைகீழாக நின்றாலும் இன்னொன்றை எடுக்க முடியாது. இரண்டு பேரில் ஒருவர் அசந்தாலும், ஒருவர் பொய் சொன்னாலும்கூட, இரண்டு வண்டி ஒரே பிரிவுக்குள் நுழைய வழியில்லை. கணினிக்கு முந்தைய காலத்தில் இவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள்.

டோக்கனைக் கைமாற்றுவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. பெரிய வளையம் ஒன்றின் அடியில் தோல் பை, பைக்குள் டோக்கன். விரைவு வண்டி நிற்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். நடைமேடையில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். டிரைவர் பக்கத்து ஆள் கையை நீட்டி, முழங்கை வரை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். அதே வேகத்தில் தாம் கடந்து வந்த பிரிவின் வளையத்தை இவரிடம் விட்டுவிட்டுப் போவார். பிடி நழுவினால் வண்டியை நிறுத்திவிட்டுச் சரளைக்கல்லில் இறங்கித் தேட வேண்டியதுதான். பெரும்பாதைகளில் மின்விளக்குச் சமிக்ஞை வந்து பல காலம் ஆன பிறகும் புக்கிட் தீமாவில் இந்த வளையம் 2011 ஜூன் வரை கைமாறிக்கொண்டிருந்தது.

ஏன் அங்கே மட்டும் அவ்வளவு காலம்? பழமையின்மீது பாசத்தால் அல்ல. பணம் போட யாருக்கும் மனமில்லை. சிங்கப்பூருக்குள் ஓடிய பாதையும் அதன் இருமருங்கு நிலமும் மலாயா ரயில்வேக்குச் சொந்தம். 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த நிலத்தில் பெரும்பகுதியை 999 ஆண்டுக் குத்தகைக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. அப்போது எல்லாம் ஒரே பேரரசு. யார் பெயரில் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். 1965இல் சிங்கப்பூர் தனிநாடானதும் ஒரு நாட்டின் நடுவயிற்றில் இன்னொரு நாட்டின் ரயில் நிலம் என்ற நிலை உண்டானது. சிங்கப்பூர் அதைத் தொட முடியாது. மலேசியாவுக்கோ இழக்கப்போகும் பாதையில் முதலீடு செய்ய விருப்பமில்லை. 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டயிம் சைனுதீனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று இரு நாடும் அடுத்த இருபது ஆண்டுகள் வாதாடின. 2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களான லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் பேசி முடித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது: நிலையம் உட்லண்ட்ஸுக்கு நகரும், ரயில் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பும், மாற்றாக நகரின் வேறு இடங்களில் இரு நாடும் சேர்ந்து அமைக்கும் கூட்டு நிறுவனத்துக்கு மனைகள்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்த நகரத்தில், தீவின் தெற்கிலிருந்து வடக்குவரை 24 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் புல்லும் கைவிட்ட கொய்யா மரங்களுமாக ஒரு பட்டை அப்படியே கிடந்ததற்கு இந்த வழக்குதான் காரணம். பாகப்பிரிவினை தீராத பூர்வீக வீட்டில் ஓட்டைக்கூட மாற்ற ஆளிருக்காது. ஆனால் அந்த வீட்டில்தான் தாத்தா காலத்துத் தூண் மிஞ்சியிருக்கும். புக்கிட் தீமாவைக் காப்பாற்றியதில் பாரம்பரிய ஆர்வலர்களின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே இந்தப் பட்டையைப் பசுமை வழியாக விட்டுவிடுங்கள் என்று திட்டம் எழுதிக் கொடுத்தது, அரசாங்கம் காதுகொடுத்தது, அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் காப்பாற்றுவதற்கு ஒன்று மிஞ்சியிருந்ததே, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போனதால்தான்.

2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் ஓட்டிச் சென்றார். தாம்போதி திறந்த காலத்தில் ஜொகூரை ஆண்டவரும் இப்ராஹிம் என்ற பெயருடைய அவருடைய மூதாதைதான். மறுநாள் நிலம் கைமாறியது. சில மாதங்களில் தண்டவாளம் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. நிலையத்தின் முன்னாலும் இரண்டு இரும்புப் பாலங்களின் மேலும் மட்டும் கொஞ்சம் விட்டு வைத்தார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே தஞ்சோங் பகார் தேசிய நினைவுச் சின்னமாகியிருந்தது. புக்கிட் தீமாவுக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதி கிடைத்திருந்தது.

இன்று போனால் நடைமேடையில் உட்காரலாம். டிக்கெட் ஜன்னல் இருக்கிறது. கைகாட்டிகளை இயக்கிய நெம்புகோல்கள் இருக்கின்றன. ஊழியர் வீடு காப்பிக் கடையாகியிருக்கிறது. தண்டவாளத்தில் குழந்தைகள் கையை விரித்துச் சமநிலை பார்த்து நடக்கிறார்கள். திருமணப் படமெடுக்க வரும் ஜோடிகளுக்குக் குறைவில்லை. வேலை நேர்த்தியாக நடந்திருக்கிறது. குறை சொல்வதானால், கொஞ்சம் அதிகமாகவே நேர்த்தி. வேலை நடந்த நிலையத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், வெற்றிலை எச்சில் இருக்கும், பழுதுபார்த்த இடம் தனியே தெரியும்.

நீலகிரிப் பாதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வழியிலுள்ள ஹில்குரோவிலோ ரன்னிமேடிலோ இன்ஜின் இன்றும் நிற்கிறது, ஏனெனில் அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும். மழையில் மண் சரிந்தால் தோண்டியெடுக்கக் கூட்டம் வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாங்கிய பழைய இன்ஜின்கள் தேய்ந்துபோனதால் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புது நீராவி இன்ஜின்களையே செய்து அனுப்பினார்கள். அங்கே பாதுகாப்பு என்பது தினசரி வேலை. அந்த வேலையைத் தெரிந்தவர்களும் கூடவே பாதுகாக்கப்படுகிறார்கள். புக்கிட் தீமாவில் ரயில் இல்லை. ஆகவே டோக்கனை வாங்கவும் கொடுக்கவும் தெரிந்தவரின் அவசியமும் இல்லை. கட்டடம் தங்கிவிட்டது, தொழில் போய்விட்டது.

தொழிலைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் கதை நேராகத் தமிழில் வந்து நிற்கிறது. மலாயாவின் முதல் பாதையைப் போட இலங்கையிலிருந்துதான் ஆட்படையை வரவழைத்தார்கள். 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே ஒன்றான பிறகு அதன் முதல் தலைமை மேலாளராக வந்தவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். அவரும் இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்த இளைஞர்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, தந்தியாளர் வேலை. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலமாகவோ தாமாகவோ வந்தவர்களுக்குக் கடப்பாரையும் சம்மட்டியும். மொழி ஒன்று, குடியிருப்பு வேறு, கோயில் வேறு, பெரும்பாலும் பெண் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. மலாயா ரயில்வேயின் அரை நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்ல இது போதும்.

கடப்பாரைக்காரர்களின் வேலையைப் பற்றி எந்த நிலையச் சுவரிலும் அதிகம் எழுதியிருக்காது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில மைல் நீளம் பொறுப்பு. காலையில் ஒருவர் முழுத் தூரமும் நடந்து ஆப்பு தளர்ந்திருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மற்றவர்கள் மழையில் கரைந்த மண்ணை நிரப்பி, சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியை அடித்து இறுக்குவார்கள். வெப்பமண்டல மழையில் இன்று இறுக்கியது அடுத்த மாதம் தளர்ந்துவிடும். ஒரு வாரம் விட்டால் லாலான் புல் தண்டவாளத்தை மூடும். இந்த வேலைக்கு முடிவே கிடையாது. செய்து முடித்ததற்கு அடையாளமும் கிடையாது. நிலையம் கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். பாதையை நேராக வைத்திருந்தவர் வேலை சரியாகச் செய்திருந்தால், அப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாது.

அவர்கள் குடியிருந்த இடங்களுக்குப் பாதுகாப்புத் தகுதி கிடைப்பது அபூர்வம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காக 1915இல் கட்டிய நூறு வீடுகள் வரிசை புக்கிட் தீமா பாதுகாக்கப்பட்ட அதே பத்தாண்டில் இடிந்தது. சிங்கப்பூரில் ஸ்பூனரின் பெயரைத் தாங்கிய சாலையில் மலேசிய ரயில்வே ஊழியர்களின் அடுக்குமாடிகள் இருந்தன. 2011இல் அவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். கட்டடங்கள் நின்றாலும் அங்கே வாழ்ந்தவர்கள் எல்லைக்கு அப்பால் சிதறிவிட்டார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கோயில். புக்கிட் தீமா நிலையம் எழுந்த அதே 1932இல், அதே புதுப் பாதை ஓரமாகக் குவீன்ஸ்வே பக்கத்து ரயில்வே குடியிருப்பில் தமிழ்த் தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்குச் சிறிதாக ஒரு சன்னதி வைத்தார்கள். ஊர் எல்லையைக் காக்கும் சாமி, எல்லை மாறும்போது கூடவே வருவது இயல்புதானே. நகரம் வளர்ந்தது, நிலம் பறிபோனது, கோயில் இடம் மாறியது. 1998இல் காமன்வெல்த் டிரைவில் இன்றைய பெரிய ஆலயமாக எழுந்து நின்றது. அரசாங்கத்தின் பாதுகாப்புக் கட்டடப் பட்டியல் எதன் துணையுமின்றி, உண்டியல் காசில், தொடர்ந்து புழக்கத்தில் இருந்துகொண்டே பிழைத்திருக்கிறது. என் கணக்கில் 1932ஆம் ஆண்டு ரயில்பாதையின் மீட்டெடுத்த கட்டடங்களில் இதுவும் ஒன்று. நிலையத்துக்கு வருகிறவர்களிடம் இங்கிருந்து அங்கே எப்படிப் போவது என்று ஒரு பலகை சொன்னால் செலவு அதிகமாகாது.

போர்க்காலத்தையும் தொடாமல் இந்தப் பாதையின் கதையை முடிக்க முடியாது. ஜப்பானியர் 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது மலாயாவிலிருந்து இரண்டை எடுத்துப் போனார்கள்: தண்டவாளம், தோட்டத்துத் தமிழர். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையைப் பெயர்த்தார்கள். கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட தூரத்தைப் பெயர்த்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏமாற்றியும் பிடித்தும் அதே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அங்கே போர்க் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகம் செத்தார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் படைவீரர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழருக்கு நினைவாக ஒரு நடுகல் நட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர்த்துப் போன கிழக்குக் கரைப் பாதை பகாங்கின் சொந்தப் பாதை என்பதால் கேமரன் மலைக்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும். கிமாசில் பிரிந்து, மெந்தகாப், ஜெராந்துட், குவாலா லிப்பிஸ் வழியாகக் காட்டுக்குள் புகுந்து கிளந்தானின் தும்பாட்டுக்குப் போகிறது. அது முழுமையானது 1931இல், தாப்பாச் சாலை மலையேறிய அதே ஆண்டு. பகாங் மாநிலத்தின் மேற்கு மூலைக்கு லாரியும் நடுப்பகுதிக்கு ரயிலும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. போருக்குப் பின் பெயர்த்த பகுதியைத் திரும்பப் போட 1950கள் வரை ஆயிற்று. 2014 டிசம்பர் வெள்ளம் கிளந்தானில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 1924இல் மூணாறைக் கைவிட்டதுபோல இதையும் கைவிட்டிருக்கலாம். லாரி ஓட நல்ல சாலைகூட இருக்கிறது. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. பாலத்தைக் கட்டி மறுபடி ஓட்டினார்கள்.

அந்தப் பாதை இன்னும் ஒற்றைத் தண்டவாளம்தான். இன்னும் டீசல் வண்டிதான். கிராசிங்குக்காகச் சின்ன நிலையத்தில் காத்து நிற்பது இன்னும் உண்டு. மேற்குக் கரையில் மின்சார இரட்டைப் பாதை வந்தபோது சின்ன நிலையங்கள் பல இடிந்து கான்கிரீட்டாக எழுந்தன. தைப்பிங்கில் பழைய நிலையத்தைப் புதியதன் பக்கத்தில் விட்டு வைத்தது அரிதான நல்ல முடிவு. கிழக்கில் அந்த அலை முழுதாக வரவில்லை. புக்கிட் தீமாவில் கட்டடத்தை மீட்ட பிறகு அதை ஓட்டியவர்களைத் தேட வேண்டியதாயிற்று. குவாலா லிப்பிஸில் நிலையமும் ஓடுகிறது, ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களில் பலர் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த மைலில் மண் சரியும், எந்தப் பாலத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், கூலி லைனில் எத்தனை வீடு, திருவிழா எந்த மாதம் என்று கேட்டு எழுதிவைக்க ரயில்வேயின் அனுமதிகூடத் தேவையில்லை.